மரப்பரப்பு மாற்றக் கணிப்பில் வகைப்பாட்டுப் பிழை

செயற்கைக்கோள் படத்தின் ஒரு படப்புள்ளியைத் தரையிலுள்ள நிலைக்கு மாறான வகையில் சேர்த்துவிடுவது வகைப்பாட்டுப் பிழை. நிற்கும் காட்டை அழிந்ததாகக் காட்டுவது ஒரு வகை. அழிந்ததைக் காணாமல் விடுவது மற்றொன்று. முதுமலையின் தேக்குகள் இலையுதிர்த்து நிற்கும் மார்ச் மாதப் படத்தை மழைக்காலத்துக்குப் பிந்தைய படத்தோடு ஒப்பிட்டால், கோடரி படாத காடும் வெட்டப்பட்டதுபோல் தோன்றக்கூடும். மாற்றம் அரிதாக நிகழ்வது என்பதால் சிறு பிழையும் இங்கே பெரிதாகிவிடுகிறது. 10,000 ஹெக்டேர் காட்டில் 200 ஹெக்டேர் உண்மையாகவே அழிந்தது என்று கொள்வோம். எஞ்சிய 9,800-இல் 1 விழுக்காடு, அதாவது 98 ஹெக்டேர், தவறாக அழிவில் சேர்கிறது. உண்மை அழிவில் 160 மட்டுமே பிடிபடுகிறது. வரைபடம் 258 ஹெக்டேர் என்று சொல்லும். மொத்தத் துல்லியமோ 98.6 விழுக்காடு! காட்டப்பட்ட அழிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடக்கவே இல்லை.

ஆகவே படப்புள்ளிகளை எண்ணி அதையே பரப்பளவாக அறிவிப்பது ஏற்கத்தக்கதல்ல. இருபுறப் பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பார்கள். மேற்கண்ட கணக்கில் தவறாகச் சேர்ந்த 98-ஐ விடுபட்ட 40 ஈடுகட்டவில்லை. நுண்ணிய படங்கள் வந்தால் சிக்கல் தீரும் என்பதும் பாதி உண்மைதான். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் படப்புள்ளியில் மறையும் சிறு வெட்டு சென்டினல்-2-இன் 10 மீட்டரில் தெரியலாம். ஆனால் எது காடு என்ற கேள்வி அப்படியே நிற்கும். 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காடு இருந்தாலே இந்திய வன அளவீட்டு நிறுவனம் அதை வனப்பரப்பில் சேர்க்கிறது. ரப்பர்த் தோட்டமும் தென்னந்தோப்பும் அதில் அடங்கும். இயற்கைக் காடு தோட்டமாக மாறினாலும் எண் குறையாது, எந்தத் துல்லியச் சோதனையும் அதைப் பிடிக்காது. வகைவாரியாகச் சமவாய்ப்பு முறையில் மாதிரிப் புள்ளிகளைத் தேர்ந்து, தரையிலோ நுண்படத்திலோ சரிபார்த்து, திருத்திய பரப்பளவை அதன் ஐயவரம்போடு வெளியிடுவதே முறை. செலவு கூடும் என்ற மறுப்பு வலுவற்றது: சரிபார்க்க வேண்டியது முழு வரைபடத்தை அல்ல, மாதிரிப் புள்ளிகளை மட்டுமே.