பூகம்பத்துக்குப் பிந்திய ஆண்டுகள்

கொச்சியில் தோப்பும்படியிலிருந்து சுள்ளிக்கல் வழியாக மட்டாஞ்சேரிக்குள் நுழைவோர், கச்சி மேமன்களின் பள்ளிவாசலையும், குஜராத்தித் தெருவின் பண்டகசாலைகளையும், ஜைனர் ஆலயத்தையும் ஒரே நடையில் கண்டுவிடலாம். கட்ச் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்து, வாணிபத்தில் வேரூன்றித் தலைமுறைகளாக இவ்வூராராகவே ஆகிவிட்ட அம்மக்களின் பூர்வீக பூமி, பூகம்பங்களின் பூமியுமாகும்.

1819 ஜூன் 16 அன்று நிகழ்ந்த பூகம்பம் கட்ச்சின் ரண் பிரதேசத்தில் நெடுந்தூரம் தரையை மேடாக உயர்த்தி, சிந்திரிக் கோட்டையை நீரில் ஆழ்த்திற்று என்பதைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் வியந்து எழுதிவைத்தார்கள். ஆனால் அன்று தாயை இழந்த சிறுமிகளும், கணவனை இழந்த ஸ்திரீகளும் பின்னர் எவ்வாறு ஜீவித்தார்கள் என்பதை எழுதிவைத்தார் எவருமிலர். 1956இல் கட்ச்சின் அஞ்சார் நகரம் பூகம்பத்தில் இடிந்தது. 2001 ஜனவரி 26 காலை 8:46 மணிக்கு, குடியரசு தின ஊர்வலமாக அதே அஞ்சாரின் குறுகிய வீதிகளில் சென்ற பள்ளிக் குழந்தைகள் மீது இருபுறத்து வீடுகளும் சரிந்தன. அந்தப் பூகம்பத்தில் மாண்டோர் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர்.

எனினும் இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. கட்ச் மகிளா விகாஸ் சங்கதன் என்னும் பெண்கள் அமைப்பு 1989 முதலே கிராமங்களில் வேலை செய்து வந்தமையால், ஆபத்து வந்தபிறகு அந்நியர் வந்து பெண்களைக் கூட்டவேண்டிய அவசியம் அங்கே நேரவில்லை. இதுவே பெரிய பாக்கியம் என்பேன். அதற்கும் முன்னரே, 1969ஆம் ஆண்டின் வறட்சியில் தனேட்டி கிராமத்துப் பெண்களுக்குப் புடவைகளைக் கொடுத்துத் தையல் வேலை செய்வித்த சந்தாபென் ஷ்ராப், 'ஸ்ருஜன்' என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்திருந்தார். அவ்வூர்களில் பெண் குழந்தை தாயின் பக்கத்தில் அமர்ந்து, சிறு கண்ணாடி வில்லையைத் துணிமேல் விரலால் அழுத்திக்கொண்டு, முதலில் குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டிப் பிடித்து, பிறகு விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைக்கப் பழகுகிறாள். அவள் கல்யாணச் சீராகக் கொண்டுபோகும் பாவாடையும் பையும் வாசல் தோரணமும் இப்படித்தான் உருவாகின்றன. 2001 பூகம்பத்தில் தறியும் பட்டறையும் இடிந்தவர்கள் அவற்றை மீண்டும் நிறுவும்வரை காத்திருக்க நேர்ந்தது. ஊசிக்கோ கூடாரத்து நிழலே போதுமாயிருந்தது. அந்தத் தையல் கூலி வீட்டுப் பெண்ணின் கையில் நேரே சேர்ந்தது என்பதை நாம் லேசாக எண்ணிவிடலாகாது.

கட்ச்சுக்கு வந்த துணைகளுள் என் மனத்தை மிகவும் உருக்குவது, லாத்தூர்ப் பெண்களின் வருகை. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரிப் பகுதி பூகம்பத்தில் அழிந்தபின், சுயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பைத் தோற்றுவித்த பிரேமா கோபாலன், மராட்டியக் கிராமப் பெண்களையே வீடு சீரமைப்புக்கு வழிகாட்டிகளாக்கினார். அரசின் உதவித் தவணை எப்பொழுது வரும், அஸ்திவாரத்தில் எதைக் கவனிக்கவேண்டும் என்று ஊருக்கு எடுத்துச் சொன்ன அப்பெண்கள், 2001இல் கட்ச்சுக்கே சென்று, தம்மைப் போல் அனைத்தையும் இழந்தவர்களோடு பேசினார்கள். பாஷை வேறாயினும் துயரம் பரிச்சயமானதன்றோ!

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கருகே கடலடியில் நேர்ந்த பூகம்பத்தால் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, இந்த அனுபவம் தமிழ்க் கரைக்கும் வந்தது. புதிய வீடுகள் மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதியப்படவேண்டும் எனத் தமிழக அரசு விதித்தது. மீனவக் குடும்பத்து ஸ்திரீக்குச் சொத்துப் பத்திரத்தில் தன் பெயரைக் காண்பது அநேகமாக அதுவே முதல் தடவை. பெற்றோரை இழந்த குழந்தைகள் நாகையின் அன்னை சத்யா அரசு இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். நிவாரண உத்தரவுகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். கைக்குழந்தையோ பெண்ணாக வளர்ந்து படித்து நிலைபெறப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வேண்டும். நிவாரண காலத்தில் நாகை மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த ஜே. ராதாகிருஷ்ணன், மாறுதலாகிப் பல பதவிகளுக்குச் சென்றபின்பும் அந்தக் குழந்தைகளின் படிப்பை விசாரித்து வந்தார். அங்கு வளர்ந்த பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தபோது, பெண் வீட்டாராக வந்து முன்னின்றார்.