தாதுவை ஆராயும் ஒளி

ஒரு கல்லில் எவ்வெந்த உலோகங்கள் உள்ளன என்று அறிய, அதனைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, பன்முறை வடித்துப் பார்ப்பதே முன்னாளைய வழக்கம். பொருளைச் சுடரில் இட்டு, அது விடும் ஒளியைக் கொண்டே அதன் இயல்பை அறியலாம் என்பதை 1860-ஆம் ஆண்டையொட்டி நிலைநாட்டியவர்கள், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரப் பேராசிரியர்களாகிய புன்சனும் கிர்க்காப்பும் ஆவர். வெப்பத்தால் ஆவியாகும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறக் கோடுகளைக் காட்டும். ஒருவர் கைரேகை மற்றொருவர்க்கு அமையாதது போன்றதே இது. 1861-இல் லெபிடோலைட் என்னும் கனிமத்தில் அவர்கள் கண்ட செந்நிறக் கோடுகள், ரூபிடியம் என்னும் புதுத் தனிமத்தை அறிவித்தன.

இம்முறையின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே காட்டுவது இண்டியத்தின் வரலாறு. 1863-இல் சாக்சனி நாட்டுப் பிரைபர்க் சுரங்கக் கல்லூரியில், பேராசிரியர் ரைக் துத்தநாகத் தாதுக்களில் தாலியத்தைத் தேடினார். தாலியத்தின் அடையாளம் பச்சைக் கோடு. ரைக்கோ நிறம் பிரித்தறிய இயலாதவர். ஆதலின், வேதியியல் அறிஞர் ரிக்டரைக் கருவியில் நோக்கச் செய்தார். ரிக்டர் கண்டது பச்சை அன்று. அதுவரை எவரும் குறித்திராத கருநீலக் கோடு! இந்திய அவுரிச் சாயத்தைக் குறிக்கும் இண்டிகோ என்னும் சொல்லிலிருந்து அதற்கு இண்டியம் எனப் பெயரிட்டனர். பின்னாளில் ரிக்டர் அக்கண்டுபிடிப்பைத் தமதே என்று கூறிக்கொள்ள, ரைக் மனம் வருந்தினார் என்பர். ஒளி உண்மையை உரைத்தது. எனினும் கரைக்க அமிலமும், காணக் கண்ணும் வேண்டியிருந்தன.

இவ்விரு தேவைகளையும் நீக்க வழி திறந்தது லேசர். 1960-இல் அமெரிக்காவில் மைமன் செயற்கை மாணிக்கக் கோலிலிருந்து லேசர் ஒளியைப் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 1962-இல், பிரெக், கிராஸ் என்னும் இருவர் அவ்வொளியால் பொருளை ஆவியாக்கி நிறமாலை காணும் முறையை வெளியிட்டனர். குவிந்த லேசர்த் துடிப்பு பட்டதும், கல்லின் சிறு புள்ளி ஆவியாகி, பிளாஸ்மா என்னும் நிலையில் கணநேரம் ஒளிரும். அவ்வொளியைக் கருவியே பிரித்துப் பதிவு செய்யும். 2012-இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, ஏழு மீட்டர் தொலைவு வரையிலுள்ள பாறைகளை இவ்வாறே ஆராயும் ஆற்றல் பெற்றது.

ஆயினும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. கல்லின் வகை மாறினால், ஒரே அளவு உலோகமும் கூடவோ குறையவோ ஒளிரும். எனவே, இன்ன உலோகம் உண்டு என்பதை அறிவது எளிது; எவ்வளவு என்று கணிக்க, கலப்பு முன்பே அறிந்த மாதிரிகளோடு ஒப்பிடுதல் வேண்டும். செவ்வாய்க்குச் சென்ற ஊர்தியும் அத்தகைய மாதிரிகளை உடன் கொண்டே சென்றது. அறிந்ததைக் கொண்டே அறியாததை அளக்க வேண்டும் என்னும் பழைய நெறி, இப்புதுக் கருவிக்கும் பொருந்துவதாகும்.