மீண்டும் வளராத உருண்டைகள்: மத்திய இந்தியப் பெருங்கடலில் கனிமத் தேடலும் சூழல் சோதனைகளும்

மத்திய இந்தியப் பெருங்கடலில், 5,000 மீட்டருக்கும் கீழே, உருளைக்கிழங்கு அளவிலான கரிய உருண்டைகள் சேற்றில் பாதி புதைந்து கிடக்கின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தால், வெங்காயம்போல் அடுக்கடுக்காக மாங்கனீசும் இரும்பும் தெரியும். நடுவில் சில வேளை ஒரு சுறாவின் பல் இருக்கும். அந்தப் பல்லைச் சுற்றிப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் உலோகம் படிந்திருக்கிறது. நிக்கல், தாமிரம், கோபால்ட் அடங்கிய இவற்றை எடுக்கும் முயற்சியும், அதனால் விளையும் தீங்கை அளக்கும் முயற்சியும் எப்படி வளர்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்டெடுப்பும் உரிமையும்

1872–76இல் உலகைச் சுற்றிய பிரிட்டனின் 'சேலஞ்சர்' கப்பல் இவ்வுருண்டைகளை ஆழ்கடலிலிருந்து வாரி வந்தது. நெடுங்காலம் அறிவியல் வியப்பாக மட்டுமே இருந்த இவற்றின் வணிக மதிப்பை, 1965இல் வெளிவந்த ஜான் மீரோவின் நூல் பரவலாக உணர்த்தியது. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடி மனிதகுலத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்று மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ 1967இல் ஐ.நா.வில் வாதாடினார். 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை அக்கருத்தை ஏற்றது.

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் 'கவேஷணி' கப்பல் 1981 ஜனவரி 26 அன்று இந்தியாவின் முதல் உருண்டைகளை எடுத்தது. 1987இல் முன்னோடி முதலீட்டாளராகப் பதிவான இந்தியாவுக்கு 1,50,000 சதுர கி.மீ. ஒதுக்கப்பட்டது; விதிப்படி பாதியைத் திருப்பித் தந்து 75,000 சதுர கி.மீ.யை வைத்துக்கொண்டது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய 'வராஹா' ஊர்தி 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓடிக் காட்டியது.

கலக்கிப் பார்த்த சோதனைகள்

எந்திரம் இறங்குவதற்கு முன்பே தீங்கை அளக்க முனைந்தது இந்திய ஆய்வின் பெருமை. 1997இல் நடந்த சோதனையில், கப்பலிலிருந்து இழுக்கப்பட்ட கருவி ஒன்பது நாட்களில் 26 முறை கடலடியைக் கடந்து, சுமார் 6,000 கன மீட்டர் வண்டலைக் கிளப்பியது. சேற்றுவாழ் உயிர்கள் உடனடியாகக் குறைந்ததும், பின்னர் ஓரளவு மீண்டதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பதிவாயின.

ஆனால் அச்சோதனையின் நோக்கம் வண்டலைக் கலக்குவதே, உருண்டைகளை அள்ளுவதன்று. பெருவிற்கு அப்பால் 1989இல் ஜெர்மானியர் கடலடியை உழுத சோதனையிலும் உருண்டைகள் புதைந்தனவே தவிர அகற்றப்படவில்லை. அங்கேயே, 26 ஆண்டுகளுக்குப் பின் 2015இல் சென்றவர்கள் உழுத தடங்களை அப்படியே கண்டனர். நுண்ணுயிர்களின் செயல்பாடும் முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை.

உண்மையில் அள்ளிய இடத்துக்குச் சான்று பசிபிக்கில் இருக்கிறது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே 1979இல் ஒரு எந்திரம் சோதனையாகச் சுரங்கமிட்டது. 44 ஆண்டுகள் கழித்துச் சென்ற ஆய்வாளர்கள், சில உயிரினங்கள் திரும்பியிருப்பதையும், எந்திரத்தின் தடங்கள் மறையாதிருப்பதையும் கண்டு 2025இல் வெளியிட்டனர்.

எதை விட்டுவைப்பது?

வண்டலைக் கலக்குவதற்கும் உருண்டையை அள்ளுவதற்கும் உள்ள வேறுபாடே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். குழைசேறு பரந்த அவ்வெளியில், பற்றிக்கொள்ளக் கெட்டியான இடம் உருண்டைதான். கடற்பஞ்சுகள் அதில் தண்டூன்றி நிற்கின்றன. இறந்த பஞ்சின் தண்டில் முட்டையிட்டு அடைகாக்கும் ஆழ்கடல் எண்காலியைப் பசிபிக்கில் கண்டிருக்கிறார்கள். கலங்கிய வண்டல் படிந்துவிடும். அள்ளிய உருண்டை நம் காலக்கணக்கில் திரும்ப வராது.

ஆகவே, உயிர்கள் எவ்வளவு விரைவில் மீளும் என்று கேட்பது மட்டும் போதாது. எவ்வளவு பரப்பை என்றைக்கும் தொடாமல் விடுவது என்றும் கேட்க வேண்டும். பசிபிக்கின் உருண்டைப் பரப்பில் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் 2012இல் ஒன்பது காப்புப் பகுதிகளை ஒதுக்கியது. இந்தியாவும் வளம் குன்றிய ஓரங்களை அல்ல, உருண்டைகள் செறிந்த பரப்புகளையே காப்பிடமாக அறிவிக்க வேண்டும். 1997இல் முன்யோசனையோடு தொடங்கிய ஆய்வுக்கு அதுவே நேர்மையான தொடர்ச்சி.