அடிபடாமலேயே வயிற்றுக்குள் ரத்தக்கசிவு... காரணம் என்ன? எப்படிக் கண்டுபிடிப்பது?

திடீரென வயிறு வலித்தால் நம் வீடுகளில் முதலில் சொல்வது, "கேஸா இருக்கும், ஒரு சோடா குடி, சரியாயிடும்" என்பதுதான். பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் கடும் வலியோடு மயக்கம், வியர்வை, படபடப்பு சேர்ந்து வந்தால் விஷயமே வேறு. விபத்தோ அடியோ இல்லாமலேயே சிலருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசியும். அரிதுதான், ஆனால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

எங்கிருந்து கசிகிறது?

குழந்தை பெறும் வயதுப் பெண்கள் என்றால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்ததா, சினைப்பைக் கட்டி உடைந்ததா என்பதைத்தான் டாக்டர்கள் முதலில் பார்ப்பார்கள். அவை இல்லையென்றால் அரிதான காரணங்களைத் தேட வேண்டும்.

* கல்லீரல் கட்டி உடைதல். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்கள் கவனம்.
* மலேரியா போன்ற காய்ச்சல்களில் வீங்கிய மண்ணீரல் கிழிதல்.
* மண்ணீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் பலூன் போலப் புடைத்து வெடித்தல். கர்ப்பிணிகளுக்கு இது மிக ஆபத்து.
* ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகள்.

வயிற்றில் கசிந்தால் தோள் ஏன் வலிக்கிறது?

கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, அந்த வலி தோள்பட்டையில் தெரியும். மண்ணீரல் பிரச்னை என்றால் இடது தோளில் வலிக்கலாம்.

ஏமாற்றும் இடைவெளி

மண்ணீரல் ரத்தக்குழாய் வெடிக்கும்போது, சிலருக்கு ரத்தம் முதலில் இரைப்பைக்குப் பின்னால் உள்ள சிறு இடத்தில் தேங்கி, கசிவு தற்காலிகமாக அடங்கும். நோயாளியும் தெளிவாகிவிடுவார். "இப்ப பரவாயில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிட்டால், பிறகு ரத்தம் உடைத்துக்கொண்டு வயிறு முழுக்கப் பரவும். தொடக்கத்தில் ஹீமோகுளோபின் அளவும் நார்மலாகவே காட்டலாம். அதை மட்டும் வைத்து நிம்மதி அடையக் கூடாது.

பரிசோதனை, சிகிச்சை என்ன?

படுக்கையிலேயே செய்யும் அல்ட்ராசவுண்ட், வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் அவசியம். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால், கசியும் இடத்தைக் கண்டறிய சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். அழுத்தம் விழுந்துகொண்டே போனால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் நேராக ஆபரேஷன் தியேட்டர்தான்.

ரத்தம் ஏற்றுவதோடு, உறைவைத் தடுக்கும் மருந்தின் வீரியத்தை முறிக்க மாற்று மருந்தும் கொடுப்பார்கள். பலருக்கு, தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய டியூபைச் செலுத்திக் கசிவை அடைத்துவிட முடியும். முடியாதபோது அறுவை சிகிச்சைதான். மண்ணீரலை அகற்ற நேர்ந்தால், பிறகு தொற்றுகளைத் தடுக்கத் தடுப்பூசிகள் போட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

வயிற்று வலியோடு மயக்கம் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். டாக்டர் கேட்பதற்கு முன்பே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள், சமீபத்தில் காய்ச்சலோ கல்லீரல் பிரச்னையோ இருந்ததா. கசிவு எங்கே என்று தேடும் டாக்டருக்கு முதல் துப்பே அதுதான்.