பேச்சை ஒட்டும் களிக்குழம்பு

திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலத்தில், பீங்கான் பட்டறை ஒன்றில் கோப்பைக்குக் கைப்பிடி பொருத்தும் தொழிலாளியின் கைகளைச் சற்று நின்று கவனித்தால், மொழிப் பயிற்சியைப் பற்றிய பெரியதோர் உண்மை விளங்கும். கோப்பையும் பிடியும் ஈரம் முற்றும் உலராத பதத்தில் இருக்கையிலேயே, ஒட்டவேண்டிய இடங்களை இலேசாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, இரண்டையும் அவர் இணைத்துவிடுகிறார். நன்கு உலர்ந்தபின் ஒட்டிய பிடி சூளையில் விட்டுப்போகும். ஆங்கில உரையாடலில் வாக்கியத்தோடு வாக்கியத்தைப் பிணைக்கும் 'வெல்', 'எனிவே', 'பை த வே' முதலிய சிறு தொடர்கள் அக்குழம்பை ஒத்தவை.

இவ்வட்டாரத்துக்கு ஆங்கிலம் புதிய விருந்தாளியன்று. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியார் அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று நாமகரணம் செய்தனர். 1746 முதல் 1752 வரை சென்னை ராஜதானியின் தலைமையிடமாகவும் அது விளங்கிற்று. கம்பெனியாருக்கு மொழிபெயர்த்த அக்காலத்துத் துபாஷிகளுக்கு வாணிபமே பாடசாலை. கேட்டும் மறுமொழி சொல்லியுமே அவர்கள் பிறமொழி பழகினர்.

ஆங்கிலவழிக் கல்வியை வலியுறுத்திய 1835ஆம் ஆண்டின் மெக்காலே குறிப்புக்கும், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதற்கும் பிறகு, ஆங்கிலம் பரீட்சைக்குரிய வித்தையாயிற்று. 'மோர்ஓவர்', 'நெவர்தெலெஸ்' என்னும் ஏட்டு நடை இணைப்புகளை வியாசத்தில் பிழையின்றி எழுதிய மாணவன், எதிரில் ஒருவர் பேச வந்தால் வாயடைத்து நின்றான். விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகப் புராணம் சொல்லும் சுந்தரருக்கு ஈசன் அருள் துணைநின்றது. இலக்கணத்தில் இட்டதைப் பேச்சில் தேடிய மாணவனுக்கோ அத்தகைய துணை வாய்க்கவில்லை.

1950களில் வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை வந்தது. அதன் போதாமையை உணர்ந்த ஆங்கிலக் கல்வி அறிஞர் என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, மாணவர் சிந்தித்து விடைகாணும் செயல்களின் வழியே ஆங்கிலம் கற்பிக்கும் பரிசோதனையை நடத்தினார். 'பெங்களூர்த் திட்டம்' என்று உலகெங்கும் ஆசிரியர்கள் விவாதித்த முயற்சி இதுவே.

இணைப்புத் தொடர்களுக்கும் இவ்வழியே உகந்தது. "திங்கட்கிழமைக்குள் சரக்கு வருமா?" என்று வெளியூர் வியாபாரி கேட்கிறார். வராது என்று முகத்திலடித்தாற்போல் சொல்ல மனமின்றி, "அது வந்து... திங்கட்கிழமை கொஞ்சம் சிரமம்" என்கிறோம். அந்த 'வந்து' வருகையைக் குறிக்கவில்லை. மறுப்பின் கடுமையைத் தணிக்கிறது. ஆங்கிலேயரின் 'வெல்' அவ்விடத்தில் செய்யும் வேலையும் அதுவே. அதற்கு 'நன்றாக' என்று பொருள் எழுதிக்கொண்டவனுக்கு அது ஒருநாளும் வசமாகாது. 'அது கிடக்கட்டும்' என்னும் இடத்தில் 'எனிவே' வருகிறது. 'ஆமாம், கேட்க மறந்தேனே' என்னும் இடத்தில் 'பை த வே' வருகிறது. இடமறிந்தவனுக்குச் சொல் தானே வந்து அமையும். இடமறியாதவன் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆக்சுவலி' என்பான். குழம்பு மிகுந்த கோப்பையைப்போல் அவன் பேச்சு கோணிப்போகும்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, இத்தொடர்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். விருத்தாசலம் சந்திப்பின் கால அட்டவணையை இரு மாணவர் கையில் கொடுத்து, சேலம் போகவேண்டியவனையும் திருச்சி போகவேண்டியவனையும் பேசவிடுங்கள். தடுமாறும் கணத்தில் தேவையான தொடரை எடுத்துக் கொடுங்கள். ஈரம் இருக்கும்போதே ஒட்டுங்கள்.