நாற்சக்கர உந்து ஜீப்பில் எழும் ஓசைகள்: காரணமும் சீரமைப்பும்

ஜீப் வகை வண்டிகளில் எஞ்சினின் விசை கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் ஒவ்வொரு புரொப்பல்லர் ஷாஃப்ட், இரண்டு டிஃபரன்ஷியல்கள் ஆகியவற்றைக் கடந்து சக்கரங்களைச் சேர்கிறது. இவற்றில் எது தேய்ந்தாலும் ஓசை எழும். சட்டமும் தகரத் தளமும் அதைக் கடத்துவதால், பின் அச்சில் பிறந்த ஓசை முன்னிருக்கைக்குக் கீழே கேட்பதுண்டு. ஆகவே ஓசை கேட்கும் இடத்தை நம்பாமல், அதன் தாளத்தையும் அது எழும் நிலையையும் கொண்டு பழுதைத் தேடுவதே முறை.

ஓசைக்கு முதலில் ஐயப்பட வேண்டியது ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் (யுனிவர்சல்) இணைப்பு. பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் விவரித்த இவ்விணைப்பை, கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் காப்புரிமை பெற்று மோட்டார் வண்டிகளுக்குக் கொண்டுவந்தார். சாய்வாகச் சுழலும்போது இதன் வெளியீட்டு வேகம் ஒரு சுற்றில் இருமுறை ஏறி இறங்கும். சாய்வு 10 பாகையானால் ஏற்ற இறக்கம் இருபுறமும் 1.5 விழுக்காடுதான், 30 பாகையானால் 13 விழுக்காடு குறைந்து 15 விழுக்காடு கூடும். ஷாஃப்டின் மறுமுனையில் அதே சாய்வில், இரு கவைகளும் ஒரே தளத்தில் அமையும்படி இன்னொரு கிராஸை வைத்தால் இரு ஏற்ற இறக்கங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். திரும்பும் முன்சக்கரங்களில் சாய்வு மிகுதி என்பதால் இந்த ஈடு போதாது. அதற்காகவே 1920களில் டிராக்டா, ரெசெப்பா முதலிய சமவேக இணைப்புகள் தோன்றின. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் முன் அச்சில் இவை பொருத்தப்பட்டன. மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியதால் இந்த அமைப்பு இந்தியாவிலும் வேரூன்றியது.

பட்டறைகளில் நேரும் ஒரு பிழை, கவைகள் ஒரே தளத்தில் அமைய வேண்டும் என்பதிலிருந்தே விளங்கும். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது நடுவிலுள்ள ஸ்ப்லைன் என்னும் பற்கோப்பு ஒரு பல் தள்ளி அமர்ந்தால் கவைகள் தளம் மாறிவிடும். புதிய கிராஸ் போட்ட வண்டியும் அதிரும். கழற்றும் முன் இரு பாகங்களிலும் குறியிடாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. ஸ்பிரிங்கை உயர்த்திய வண்டிகளில் சாய்வுகள் சமமின்றிப் போவதாலும் இதே அதிர்வு வரும்.

தாளத்தைக் கணக்கிடலாம். வில்லிஸ் ஜீப்பில் சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.88 முறை சுற்றும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 5 முறையும், ஷாஃப்ட் 24 முறையும் சுற்றுகின்றன. எண்ணிவிடக்கூடிய நிதானத்தில் வரும் தட்டல் டயர், பிரேக் டிரம் போன்ற சக்கரப் பகுதியைச் சேர்ந்தது. எண்ண முடியாத அதிர்வு ஷாஃப்டைச் சேர்ந்தது. புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் ஒரே ஒரு 'டக்' கேட்டால் கிராஸிலோ ஸ்ப்லைனிலோ ஆட்டம் உண்டு. மெதுவாக ஓடும்போது கீச்சொலி வந்து, கிராஸ் மூடியைச் சுற்றிச் செந்துரு படிந்திருந்தால் உள்ளிருக்கும் ஊசி உருளைகள் கிரீஸின்றிக் காய்ந்துவிட்டன.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்தவுடன் ஒலி மாறினால் டிஃபரன்ஷியலின் கிரவுன்-பினியன் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றன. மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் உறுமி, வளைவில் மட்டும் கூடிக்குறைந்தால் வீல் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது சுமை வலப்பக்கச் சக்கரத்துக்குப் போவதால், உறுமல் அப்போது கூடினால் பழுது வலப்பக்கத்தில். சாலையின் பரப்பு மாற ஒலியும் மாறினால் அது டயர். இதைப் பாராமல் டிஃபரன்ஷியலைப் பிரித்த செலவு வீண். சமவேக இணைப்பு தேய்ந்தால் ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துப் புறப்படும்போது கடகடக்கும்.

இவ்வளவிலும் தெளியாவிட்டால், நாற்சக்கர உந்து வண்டிக்கே வாய்த்த ஒரு நல்ல வழி உண்டு. முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுப் பின்சக்கர இழுவையில் ஓட்டிப் பார்க்கலாம். ஓசை நின்றால் பழுது முன்பகுதியில் உள்ளது.

ஒன்றைப் பழுதென்று கொள்ளலாகாது. நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியைத் தார்ச்சாலையில் நாற்சக்கர இழுவையில் திருப்பினால், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு உருள்வதால் ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறும். அது விடுபடும்போது 'டம்' என்று ஒலிக்கும். சற்றே பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு தளரும். முன்பின் டயர்கள் அளவில் வேறுபட்டிருந்தால் நேர்ப்பாதையிலும் இது நேரும்.

சீரமைப்பில் கிராஸ் மாற்றுவது எளிது. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்ட இணை என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழும்வரை சிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் பொருத்துவது பொறுமையான வேலை. கெட்டி எண்ணெய் ஊற்றி ஊளையை அடக்குவது தேய்மானத்தை மறைக்குமேயன்றி நிறுத்தாது. ஹைப்பாய்டு பல் கொண்ட டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்-5 எண்ணெய் தேவை. பித்தளை சின்க்ரோ வளையங்கள் உள்ள கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4.

பிற்கால வண்டிகள் பலவற்றின் டிரான்ஸ்ஃபர் கேஸில் பல்சக்கரத்துக்குப் பதில் சங்கிலி உண்டு. அது நீண்டால் சுமையில் பல் தாவி வெடிப்பொலி எழும், சங்கிலியை மாற்ற வேண்டும்.