பதினான்கில் ஓரிடம் முதல் விருப்பப் பட்டியல் வரை



ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுவாரம், அஸர் தொழுகைக்குப் பின்னர் நமது பள்ளிவாசல் முற்றத்தில் மதிப்பெண் பட்டியலின் நகலுடன் பெற்றோர்கள் காத்திருப்பதைக் காண்கிறோம். தகப்பன்மார் பலர் வெளிநாட்டில் இருப்பதால் தாய்மாமன்மாரும் பாட்டனார்களும் வருகிறார்கள். பெண்கள் மதரஸா வாசலில் நின்று பிள்ளைகள் மூலம் கேட்டனுப்புகிறார்கள். கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “ஹஜ்ரத், நல்ல காலேஜ் பேரு ஒண்ணு சொல்லுங்க, அதுலயே போட்டுடுறோம்.”

பல ஆண்டுகளாக நாமும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பி வந்தோம். அவ்வாறு ஒற்றைப் பெயர் கேட்கும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது, இன்று அது ஏன் நம் பிள்ளைகளுக்கு இழப்பைத் தருகிறது என்பதை இவ்வாண்டு மலரில் சற்று விரிவாக எழுத முற்பட்டுள்ளோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் வரை கல்லூரிக் கல்வி என்பது சென்னையிலும் சில பெருநகரங்களிலும் மட்டுமே கிடைத்த பொருளாக இருந்தது. நமது சமுதாயத்தைப் பொறுத்தவரை 1919இல் வாணியம்பாடியில் தொடங்கப்பட்ட இஸ்லாமியா கல்லூரி ஒரு பெரும் திருப்பம். தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்குச் செலவிட்ட அம்மக்களின் பெருந்தன்மையால், சென்னைக்குப் போக வழியற்ற பிள்ளைகளுக்கும் கல்லூரி என்ற ஒன்று எட்டும் தூரத்தில் வந்தது.

மருத்துவம், பொறியியல் ஆகியவற்றின் நிலையோ வேறு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையின்படி, சேர்க்கைக்குரிய ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கிடப்பட்டது. அந்த அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஆணையைச் செல்லாதாக்கியது. அத்தீர்ப்பில் காணப்படும் கணக்கின்படி, அப்போது மாகாணம் முழுவதிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கில் 330 இடங்களும், பொறியியல் கல்லூரிகள் நான்கில் 395 இடங்களும் இருந்தன. பதினான்கில் ஒன்று என்றால், மலபாரிலிருந்து ஆந்திரக் கரை வரை வாழ்ந்த முஸ்லிம் பிள்ளைகள் அனைவருக்குமாக இரண்டு படிப்புகளிலும் சேர்த்து ஏறக்குறைய ஐம்பது இடங்கள்! நான்கு கல்லூரிகளுக்குப் பட்டியல் எதற்கு? விண்ணப்பிப்பது, கிடைத்தால் சேர்வது, இல்லையேல் தந்தையின் கடைக்குப் போவது என்பதே அன்றைய நடைமுறை.

அத்தீர்ப்பைத் தொடர்ந்து அதே 1951இல் அரசியல் சட்டத்தின் முதலாவது திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்கான தனி ஏற்பாடுகளுக்கு வழி திறந்தது. அதே ஆண்டில்தான் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தாரால் சென்னையில் புதுக்கல்லூரியும், ஹாஜி ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் ஆகிய வள்ளல்களால் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் தோன்றின. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும், 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதிய்யா கல்லூரியும் தொடங்கப்பட்டன. சென்னையில் நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955இல் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி எழுந்தது. பெண்பிள்ளைகளை ஐந்தாம் வகுப்புடன் நிறுத்திய காலத்தில் இது எளிய செயலன்று.

ஒற்றைப் பெயர் கேட்கும் வழக்கம் இக்காலத்தில்தான் வேரூன்றியது என்று கருதுகிறோம். அந்தந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்கு நம்பிக்கைக்குரிய ஒரு கல்லூரி இருந்தது. விடுதி இருந்தது, தொழ இடம் இருந்தது, ஊரார் ஒருவராவது அங்கே படித்திருந்தார். ஊர்ப் பெரியவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அன்றைய நிலையில் அதுவே சரியான வழியாகவும் இருந்தது. நம் பாட்டனார்கள் அறியாமையினால் ஒரே கல்லூரிக்கு எழுதினார்கள் என்று இன்றைய பிள்ளைகள் எண்ணிவிடலாகாது.

நிலைமை மாறியது 1984இல். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியை அவ்வாண்டில்தான் தொடங்கினார்கள். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வும் அதே காலத்தில் வந்தது. திடீரெனக் கல்லூரிகள் பெருகின. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே விண்ணப்பம் வாங்கி, தனித்தனியே வரிசையில் நின்று, நன்கொடை எவ்வளவு என்று தணிந்த குரலில் விசாரித்துக்கொண்டு தகப்பன்மார் அலைந்ததை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். பட்டியல் என்ற ஒன்று அப்போதுதான் தேவைப்பட்டது. ஆனால் அதனைத் தீர்மானித்தது மதிப்பெண் அன்று, மடிச்சீலை.

1990களின் இறுதியில் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வை நடத்தத் தொடங்கியபோது அந்த அலைச்சல் ஓய்ந்தது. மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் இரவுப் பேருந்தில் கிண்டிக்கு வந்திறங்கின. தரவரிசைப்படி அழைப்பார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதமுள்ளது என்பது திரையில் தெரியும். மாணவர் உள்ளே சென்று சில நிமிடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு தாளில் இருபது, முப்பது கல்லூரிகளை எழுதி வைத்துக்கொண்டு, திரையில் இடம் தீரத் தீர ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே அமர்ந்திருப்பார்கள். எழுதாமல் வந்தவரும் திரையைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ள முடிந்தது. பட்டியலில் பிழையிருந்தாலும் கண்ணெதிரே திருத்த வாய்ப்பிருந்த காலம் அது.

2007ஆம் ஆண்டு நமக்கு இருவகையில் முக்கியமானது. அவ்வாண்டுச் சேர்க்கை முதல் நுழைவுத் தேர்வு நீங்கி, பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்களின் மதிப்பெண்ணே 200க்குக் கணக்கிடப்பட்டுத் தரவரிசை ஆயிற்று. அதே ஆண்டில்தான் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிற்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடாகச் சட்டமாயிற்று. இதன் பொருளை நம்மவர்கள் பலர் இன்னும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. நம் மாணவர் முதலில் பொதுப்போட்டியில் பார்க்கப்படுகிறார். அங்கு இடமில்லையெனில் முஸ்லிம் ஒதுக்கீட்டில் பார்க்கப்படுகிறார். ஆகவே ஒரு கல்லூரியில் ஒரு பிரிவு சென்ற ஆண்டில் எத்தனை மதிப்பெண்ணுடன் முடிந்தது என்று பார்க்கும்போது, பொதுப்பிரிவின் எண்ணை மட்டும் பார்த்து ‘நமக்கு எட்டாது’ என்று விலகிவிடக் கூடாது. நமது ஒதுக்கீட்டின் எண்ணையும் பார்க்க வேண்டும். சாதிச் சான்றிதழில் லெப்பை, தக்கனி, சேக் என அரசுப் பட்டியலிலுள்ள பிரிவு முறையாகக் குறிக்கப்பட்டிருந்தால்தான் இவ்வுரிமை கைக்கு வரும் என்பதையும் இங்கே நினைவூட்டிக்கொள்கிறோம்.

2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. அடுத்த ஆண்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதனை ஏற்றது. கிண்டி மண்டபம் இல்லை, திரை இல்லை. மாணவர்கள் தரவரிசைப்படி சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். தமக்குரிய சுற்றில், குறித்த நாட்களுக்குள், விரும்பும் கல்லூரியையும் பிரிவையும் வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். நாள் முடிந்ததும் கணினி அந்தப் பட்டியலை மட்டும் படிக்கிறது. பட்டியலில் இல்லாத கல்லூரியில் நூறு இடம் காலியாக இருந்தாலும் அது அவருக்கு இல்லை.

இங்குதான் நாம் ஒரு தவறு செய்தோம். அதனை மறைக்காமல் எழுதுகிறோம்.

இணையவழிக் கலந்தாய்வு வந்த சில ஆண்டுகளில், நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவர் 168 கட்-ஆப் மதிப்பெண்ணுடன் தம் மாமாவுடன் வந்தார். தகப்பனார் வளைகுடாவில் ஓட்டுநர். பையன் தானாகவே பதினாறு கல்லூரிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தான். நாம் அதைப் பார்த்துவிட்டு, பெயர்பெற்ற நான்கை மட்டும் வைத்து மற்றவற்றை அடித்தோம். பக்கத்து ஊர்க் கல்லூரியின் பெயரும் அதில் இருந்தது. “இது பேரில்லாத கல்லூரி, இதையெல்லாம் எழுதினால் இதிலேயே தள்ளிவிடுவார்கள்” என்று சொன்னோம். தயங்கிய மாமாவிடம் தவக்குல் வைக்கும்படியும் கூறினோம். தவக்குல் என்ற சொல்லை நம் வாழ்நாளில் இதைவிடத் தவறான இடத்தில் பயன்படுத்தியதாக நமக்கு நினைவில்லை.

அந்தச் சுற்றில் அவருக்கு எந்த இடமும் வரவில்லை. அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டபோது, நடுத்தரமான கல்லூரிகளில் அவர் விரும்பிய மின்னியல் பிரிவு தீர்ந்திருந்தது. கடைசியில் ஆறு மணி நேரப் பேருந்துத் தூரத்தில், விரும்பாத பிரிவில் சேர்ந்தார். பக்கத்து ஊர்க் கல்லூரியில் அதே மின்னியல் பிரிவில், நமது ஒதுக்கீட்டிலேயே, 161 பெற்ற ஒரு மாணவர் முந்தைய சுற்றில் சேர்ந்திருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய பிள்ளைக்கு நான்காண்டு விடுதிச் செலவு. தகப்பனார் ஊர் திரும்புவதை இரண்டாண்டு தள்ளிப்போட்டார்.

‘இதையெல்லாம் எழுதினால் இதிலேயே தள்ளிவிடுவார்கள்’ என்ற நமது எண்ணம் பிழை என்பதை, ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு கணிதப் பேராசிரியர் நமக்குப் பொறுமையாக விளக்கினார். 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள், மாணவர்களையும் கல்லூரிகளையும் இருதரப்பு விருப்பப்படி இணைப்பது எவ்வாறு என்று ஒரு கட்டுரை எழுதினார்களாம். அவ்வழியில் வந்த ஆய்வுக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத் என்பவருக்கும் 2012இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. நமது மாநிலக் கலந்தாய்வு அதனினும் எளியது. தரவரிசையில் முன்னிற்பவரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்தவரிடம் போகிறது கணினி. எனவே பதினாறாவதாக ஒரு கல்லூரியை எழுதுவதால் முதலாவது கல்லூரிக்கான வாய்ப்பு ஓர் அணுவளவும் குறையாது. எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதாலும் கீழேயுள்ளது கைநழுவாது.

ஆகவே இவ்வகைச் சேர்க்கையில் சமநிலையான பட்டியல் என்பது, மேலே ஆசைப்படும் கல்லூரிகள் சில, நடுவே சென்ற ஆண்டு முடிவு எண் தம் மதிப்பெண்ணுக்கு ஒட்டியிருப்பவை பல, கீழே தம் மதிப்பெண்ணுக்கு நன்கு தாழ முடிந்தவை சில என்று நீளமாக, உள்ளபடியான விருப்ப வரிசையில் இருப்பதாகும். கீழே எழுதுபவை, கிடைத்தால் மனமார்ந்து சேரக்கூடியவையாக இருத்தல் அவசியம். சேர மனமில்லாத கல்லூரியை எழுதுவது வீண். கிடைத்த இடத்தை உறுதி செய்துகொண்டே, பட்டியலில் அதற்கு மேலுள்ளது காலியானால் மாற்றித்தரக் கோரும் வசதியும் உண்டு. அதுவும் மேலே எழுதியிருந்தால்தான்.

கலை அறிவியல் கல்லூரிகளின் கதை வேறு. அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் இன்றும் தனித்தனியே விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. அங்கே பதினாறு எழுதினால் கை கடிக்கும். ஐந்தாறு போதும், ஆனால் ஐந்தும் ஒரே தரத்தில் இருக்கலாகாது. நமது சமுதாயக் கல்லூரி ஒன்றும் அரசுக் கல்லூரி ஒன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

கட்டணத்தையும் பட்டியல் போடும்போதே பார்க்க வேண்டும், சேர்ந்த பின்னர் அன்று. குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத மாணவருக்கு 2010 முதல் வழங்கப்பட்டுவரும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, ஒற்றைச்சாளர முறையில் சேர்ந்தவருக்கே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இல்லை. வட்டிக் கடனில் பிள்ளையைப் படிக்கவைக்க மனமில்லாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் பேரம் பேசப் போகுமுன், பட்டியலின் கீழ்ப்பகுதியை ஒருமுறை சரியாக எழுதிப் பார்ப்பது நல்லது.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு இன்றும் ஒரே ஒரு கல்லூரிதான் எழுதப்படுகிறது, பேருந்து நிலையத்திற்கு அருகில் இருப்பது. பெற்றோரின் கவலையை நாம் குறை கூறவில்லை. ஆயினும் 180க்கு மேல் பெற்ற ஒரு பெண்ணின் பட்டியலில், மகளிர் விடுதியுள்ள இரண்டு நல்ல கல்லூரிகளையாவது மேலே எழுதிவிட்டு அருகிலுள்ளதைக் கீழே எழுதலாமே! கிடைத்த பின்னர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை கையில்தான் இருக்கிறது.

மூன்றாண்டுகளாக மக்தப் அலமாரியில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். நமது மஹல்லாப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பெற்ற மதிப்பெண், எழுதிய கல்லூரிகளின் எண்ணிக்கை, எந்தச் சுற்றில் எது கிடைத்தது, ஆண்டுச் செலவு எவ்வளவு ஆகியவை அதில் உள்ளன. இதுவரை இருபத்து மூன்று பெயர்கள் சேர்ந்துள்ளன, அவற்றுள் பெண்கள் ஒன்பது பேர். கோடை விடுமுறையில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே யாரும் வந்து பார்க்கலாம். அதன் முதல் பக்கத்தில், நாம் பேனாவால் அடித்த அந்தப் பதினாறு கல்லூரிகளின் தாளை, அம்மாணவரின் அனுமதியுடன் ஒட்டி வைத்திருக்கிறோம். படிப்பை முடித்துவிட்ட அவர், இப்போது வரும் பிள்ளைகளுக்கு இணையத்தில் பட்டியலைப் பதிவு செய்துகொடுக்கும் பணியை நமது மக்தபில் அமர்ந்து செய்து வருகிறார்.